அழியாத நீர் எங்கே போகிறது, கூடும் கார்பன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: வியாசர்பாடி மாலை வகுப்பு

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியலும் புவியியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீர்ச் சுழற்சியையும் கார்பன் சுழற்சியையும் அடுத்தடுத்து நடத்தியபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. பாடநூலில் உள்ள படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நான் சொன்ன விடை பிள்ளைகளுக்கும் நிறைவு தரவில்லை, எனக்கும் நிறைவு தரவில்லை.

மீஞ்சூரில் பாட்டி வீடு உள்ள ஒரு மாணவன் கேட்டது இது: கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாக ஓடி மீண்டும் கடலுக்கே வந்துவிடுகிறது, ஒரு சொட்டும் அழிவதில்லை என்றால், ஒரு காலத்தில் எல்லோரும் குடித்த பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இப்போது வாயில் வைக்க முடியாத உப்பாக இருப்பது ஏன், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது ஏன்? அடுத்த நாள் கார்பன் பாடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: நாம் மூச்சில் விடுவதை மரம் எடுத்துக்கொள்கிறது, மரம் மக்கினால் அது மறுபடியும் காற்றுக்கே போகிறது, வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருக்கும்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு எப்படிக் கூடுகிறது?

இந்தச் சுழற்சிகளை இயற்கை அமைப்புகளாக அணுக வேண்டும் என்று மேல்வகுப்பு நூல்களில் படிக்கிறேன். அம்புகள் போட்ட வட்டப் படத்தைவிட அந்த அணுகுமுறை கூடுதலாக என்ன தருகிறது என்பதை, முடிந்தால் நம் வடசென்னைப் பக்கத்து எடுத்துக்காட்டுகளுடன், தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஆற்றுப்படுகை (ஓய்வுபெற்ற நீர்வளப் பொறியாளர்)

அம்மா, வணக்கம். தங்கள் மாணவன் அந்தப் படத்தின் குறையைச் சரியாகப் பிடித்திருக்கிறான். அதில் அம்புகள் உண்டு. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எந்த அம்பின் வழியாக ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது, ஓரிடத்துக்குள் நுழைந்த நீர் அங்கே எவ்வளவு காலம் தங்குகிறது என்ற செய்திகள் இல்லை. அமைப்பாக அணுகுவது என்றால் முதலில் ஓர் எல்லையை வரைந்துகொண்டு, அதற்குள் உள்ள இருப்பையும், எல்லையைக் கடந்து வரும் வரத்தையும், கடந்து செல்லும் வெளியேற்றத்தையும் தனித்தனியே எழுதுவதாகும். வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இருப்பின் ஏற்ற இறக்கமாகத் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் ஏதோ ஒரு வழியை நாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள்.

பூமி முழுவதையும் எல்லையாகக் கொண்டால், நீரைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ மூடிய அமைப்பு. சூரிய ஆற்றல் உள்ளே வருகிறது, வெப்பம் வெளியே போகிறது, நீர் உள்ளேயே சுற்றுகிறது. ஒரு சொட்டும் அழிவதில்லை என்ற கூற்று இந்த எல்லைக்கு மட்டுமே பொருந்தும். கொசஸ்தலை ஆற்றுப் படுகையையோ, புழல் ஏரியையோ, மீஞ்சூர் நிலத்தடியையோ எல்லையாக வரைந்தால் அது திறந்த அமைப்பாகிவிடுகிறது. அங்கிருந்து ஆவியான நீர் எங்கே மழையாகப் பெய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

புழல் ஏரியையே எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் வந்துவிட்டால் நாளிதழ்களில் தினமும் அச்சாகும் மூன்று எண்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்: இருப்பு மில்லியன் கன அடியில், வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று. புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். புழலில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர், அதாவது 10.6 மில்லியன் கன அடி. நிரம்பிய ஏரிக்குள் ஒரு சொட்டும் வராமல், அந்த நிலையம் மட்டும் முழுத் திறனில் எடுத்துக்கொண்டிருந்தால், ஏரி ஏறத்தாழ பத்து மாதங்கள் தாங்க வேண்டும். உண்மையில் அவ்வளவு தாங்காது. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து மட்டும் தினமும் 50 லட்சம் லிட்டர் காற்றோடு போகிறது. 12,000 லிட்டர் லாரிகளில் ஏற்றினால் நானூறு லாரிகளுக்கு மேல் வரும். ஏரியின் பரப்போ பல சதுர கிலோமீட்டர். நாளிதழில் அச்சாகும் வெளியேற்றத்தில் இந்தச் செலவு இடம்பெறுவதில்லை.

காற்றிலுள்ள நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் காற்றில் உள்ள நீராவி அனைத்தும் ஒரே நேரத்தில் மழையாக விழுந்தால், தரையில் சராசரியாக 25 மில்லிமீட்டர் அளவே நிற்கும். ஆனால் உலகின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீட்டர். ஆகவே காற்றின் நீர் இருப்பு ஆண்டுக்கு நாற்பது முறை நிரம்பி நாற்பது முறை காலியாக வேண்டும், ஒரு நீர் மூலக்கூறு காற்றில் தங்கும் காலம் சராசரியாக ஒன்பது நாள்கள்தான் என்று பிள்ளைகளே கணக்கிட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் நமக்கு 20 சென்டிமீட்டர் கொட்டுகிறது என்றால், வங்கக் கடலின் பெரும்பரப்பிலிருந்து ஈரக்காற்று தொடர்ந்து இழுத்து வரப்படுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். நமது ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் இப்படித்தான் வந்து சேர்கிறது.

இனி பாட்டி வீட்டுக் கிணறு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த மணலும் களிமண்ணும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் அடியில் நல்ல நீர்த்தாங்கியாக, அதாவது நீரைத் தேக்கி வைத்துக் கிணறுகளுக்குத் தரும் நிலத்தடி அடுக்காக, அமைந்திருக்கின்றன. 1960களில் அங்கே ஆய்வு செய்து, கிணற்றுத் தொகுப்புகள் அமைத்து, நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கத் தொடங்கினார்கள். விவசாயிகளின் மோட்டார்களும் பெருகின. மழையால் ஊறும் அளவைவிட எடுக்கும் அளவு ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தது. கடற்கரையோர நிலத்தடியில் நன்னீரும் உப்புநீரும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. உப்புநீர் சற்றே கனமானது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. மேலே அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழே 20 மீட்டர் உப்பு ஏறும். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் கடல் நிலத்துக்குள் நடக்கத் தொடங்கும். மீஞ்சூரில் அது 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. நீர் அழியவில்லை என்பது இங்கேயும் உண்மைதான். நன்னீர் வெளியேறிய இடத்தில் கடல்நீர் வந்து நிற்கிறது, அவ்வளவே. ஏரி ஒரே மழைக்காலத்தில் நிரம்பிவிடும், நிலத்தடியில் களிமண் இடுக்குகளில் புகுந்த உப்பைக் கழுவி வெளியேற்றப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

ஆண்டுதோறும் வீணாகக் கடலில் கலக்கும் வெள்ளநீரைத் தடுப்பணைகளில் நிறுத்தி நிலத்தடிக்கு இறக்குவதுதான் இந்தக் கணக்கின் வரத்துப் பக்கத்தை உயர்த்தும் வழி. கார்பன் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் எழுதட்டும்.

பதில்: திருவொற்றியூர் வாசகர்

ஐயாவின் விளக்கம் மிக நன்று. கார்பனுக்கும் இதே முறையில் விடை சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். காற்றுக்குள் வரத்து கூடிவிட்டது, ஆகவே வெளியேற்றத்தைக் கூட்ட வேண்டும். வெளியேற்றம் என்பது மரம். மணலி, எண்ணூர் சாலையோரங்களிலும் ரயில்வே நிலங்களிலும் நெருக்கமாக மரங்களை நட்டு, ஒவ்வொரு மாணவரும் ஒரு மரத்தை வளர்த்தால் கணக்கு நேராகிவிடும். மாணவிக்கு இதைச் சொன்னால் போதாதா?

பதில்: வேதியியல் ஆசிரியை

சகோதரிக்கும் திருவொற்றியூர் நண்பருக்கும் வணக்கம். மரம் நடுவதற்கு நான் எதிரி அல்லள். நம் பகுதியில் நிழலுக்காகவும் தூசுக்காகவும் அது கட்டாயம் வேண்டும். ஆனால் கணக்கு நேராகிவிடும் என்ற சொல்லை மட்டும் ஏற்க இயலாது. மாணவியின் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மாணவி சொன்ன வரவு செலவு சரியானது. நிலத்தில் உள்ள தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுதோறும் 12,000 கோடி டன் கார்பனுக்கும் மேலாகக் காற்றிலிருந்து எடுக்கின்றன. தாவரங்கள், விலங்குகள், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் சுவாசமும் மக்குதலும் ஏறத்தாழ அதே அளவைத் திருப்பித் தருகின்றன. கடலும் காற்றும் ஆண்டுக்குச் சுமார் 8,000 கோடி டன்னை மாற்றிக்கொள்கின்றன. இது வேகமான சுழற்சி. நாம் மூச்சில் விடும் கார்பன் நேற்றுச் சாப்பிட்ட சோற்றில் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அது காற்றில் இருந்தது. ஆகவே மூச்சு விடுவதால் காற்றில் எதுவும் கூடுவதில்லை.

இதற்கு அடியில் மிக மெதுவான சுழற்சி ஒன்று உண்டு. உயிர்களின் எச்சங்களில் மிகச் சிறு பங்கு மக்காமல் புதைந்து, நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் சுண்ணாம்புப் பாறையாகவும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடுகிறது. எரிமலைகள் வழியாக அதில் கொஞ்சம் திரும்ப வருகிறது. எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் ஒடிசா நிலக்கரி 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வளர்ந்த தாவரங்களுடையது. அதை எடுத்து எரிப்பதன் மூலம், மெதுவான சுழற்சியில் இருந்த கார்பனை நாம் வேகமான சுழற்சிக்குள் தள்ளுகிறோம். உலக அளவில் இவ்வாறு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து ஏறுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். 12,000 கோடியோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். ஆனால் அந்த 12,000 கோடிக்கு எதிரே அதே அளவு திரும்பும் அம்பு இருக்கிறது, இந்த 1,000 கோடிக்கு இல்லை. மாணவியின் கணக்கில் விடுபட்ட வரி இதுவே.

கூடுவது எங்கே போகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். சற்றேறக்குறையப் பாதி காற்றிலேயே தங்குகிறது, கால் பங்கைக் கடல் வாங்குகிறது, எஞ்சியதைக் காடுகளும் மண்ணும் வாங்குகின்றன. கடல் வாங்குவது இலவசமாக நடக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும் என்று நாம் பத்தாம் வகுப்பில் நடத்துவதுதான் கடலிலும் நடக்கிறது, மேற்பரப்பு நீரின் பி.எச். மதிப்பு 8.2 என்பதிலிருந்து 8.1 என்று இறங்கியிருக்கிறது. இது மடக்கை அளவீடு, அதாவது மதிப்பு ஒன்று இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகும் அளவீடு என்பதால் 0.1 என்பது சிறிய இறக்கம் அல்ல.

இப்போது மரக்கணக்கு. உலகில் உள்ள எல்லாத் தாவரங்களிலும் சேர்ந்து இருக்கும் கார்பன் ஏறத்தாழ 45,000 கோடி டன். ஆண்டுக்கு 1,000 கோடி டன்னை மரங்கள் மட்டுமே உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், உலகின் மொத்தத் தாவரத் திரள் ஒவ்வோர் ஆண்டும் 2 சதவீதத்துக்கு மேல் பெருகிக்கொண்டே போக வேண்டும். வெட்டாமலும் எரியாமலும் மக்காமலும் அது நிலைக்கவும் வேண்டும். அருகில் உள்ள ஓர் எண்ணையும் பார்க்கலாம். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 500 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாள் முழுவதும் ஓடினால் 1.2 கோடி யூனிட், அதாவது 12,000 டன் கார்பன் டை ஆக்சைடு. அதில் கார்பன் மட்டும் 3,000 டன்னுக்கும் மேல். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட அலகுகள் பல உண்டு. சாலையோர மரங்களிடம் இந்தச் சுமையைக் கொடுப்பது நியாயமாகாது.

கூடுதல் கார்பன் நிலக்கரியிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், கேட்க வேண்டும். காற்றில் உள்ள கார்பனில் கதிரியக்கக் கார்பன் 14 மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. அது சிதைந்து பாதியாகும் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள் என்பதால் கோடி ஆண்டுகள் புதைந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சியிருக்காது. ஆகவே நிலக்கரிப் புகை கலக்கக் கலக்கக் காற்றில் அதன் விகிதம் குறைய வேண்டும். குறைந்திருப்பதை மர வளையங்களை வைத்து ஹான்ஸ் சூயஸ் 1955ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். 1958ஆம் ஆண்டு சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டியிருக்கிறது; தொழிற்புரட்சிக்கு முன்பு அது 280. அவருடைய வரைபடத்தை வகுப்பில் அவசியம் காட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, வடகோளத்துக் காடுகள் தழைக்கும் கோடையில் இறங்கும் பல்வரிசையில் வேகமான சுழற்சி தெரியும். அந்தப் பல்வரிசை முழுவதும் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதில் நிலக்கரி தெரியும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காற்றில் உள்ள 88,000 கோடி டன் கார்பனை ஆண்டுக்கு 20,000 கோடி டன் பரிமாற்றத்தால் வகுத்தால், ஒரு கார்பன் அணு காற்றில் தங்குவது நான்கைந்து ஆண்டுகள்தான் என்று வரும். அப்படியானால் எரிப்பதை நிறுத்திய நான்கைந்து ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கெட்டிக்கார மாணவர் சொல்லக்கூடும். அது தவறு. அந்த அணு போன இடத்திலிருந்து இன்னோர் அணு திரும்பி வருகிறது. தனி அணுவின் தங்கல் குறுகியது, கூடுதலாக ஏறிய மொத்த அளவின் தங்கல் நீண்டது. கூடுதலில் ஒரு பகுதி ஆழ்கடலுக்கு இறங்கவே நூற்றாண்டுகள் ஆகும், பாறைகள் சிதைந்து கடைசிப் பகுதியை வாங்கிக்கொள்ளப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். நீராவியில் இந்தச் சிக்கல் இல்லை. கூடுதலாக ஏற்றினால் ஒன்பது நாளில் மழையாக இறங்கிவிடும்.

கொடுங்கையூர்க் குப்பைமேடு எரிவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதே நெருப்பில் வாழையிலையும் எரிகிறது, பிளாஸ்டிக் பையும் எரிகிறது. இரண்டின் புகையும் மூச்சுக்குக் கெடுதல்தான். ஆனால் இலையின் கார்பன் போன ஆண்டு காற்றில் இருந்தது, பையின் கார்பன் பூமிக்கடியில் எண்ணெயாகக் கிடந்தது. இதில் எது காற்றின் இருப்பைக் கூட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள், மாணவியே சொல்லிவிடுவாள்.

பதில்: எண்ணூர் முகத்துவாரம்

டீச்சருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். நாங்கள் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் குடும்பம். பொறியாளர் ஐயா எழுதிய எல்லாவற்றையும் மதித்துப் படித்தேன். வீணாகக் கடலில் கலக்கும் நீர் என்ற ஒரு சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கொசஸ்தலை ஆற்றில் மழைக்காலத்து நீர் இறங்கினால்தான் முகத்துவாரத்தில் அடைத்திருக்கும் மணல் வெட்டிக்கொண்டு போகும். கடல் ஏற்றமும் வற்றமும் உள்ளே வரை வந்து போகும். இறால் கடலில் முட்டையிட்டு, குஞ்சுகள் உப்புக் குறைந்த கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். ஆற்றுநீர் வராத ஆண்டில் கழிமுகம் முழுக்கக் கடலாகிவிடும், அல்லது அடைபட்ட குட்டையாகிவிடும். பாடநூல் படத்தில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரே ஓர் அம்பு கடலைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு முறை அந்த அம்பு திரும்புகிறது.

கார்பன் விஷயத்திலும் இந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலையாத்தி மரங்களின் அடியில் காலை வைத்தால் முழங்கால் வரை புதையும்; காலை எடுக்கும்போது கறுத்த சேறும் அழுகிய முட்டை வாடையும் வரும். அந்தச் சேற்றில் பிராணவாயு இல்லாததால்தான் அந்த வாடை என்றும், அதே காரணத்தால் உதிர்ந்த இலையும் வேரும் விரைவில் மக்காமல் நூற்றாண்டுகள் வரை கார்பனைப் பிடித்து வைக்கின்றன என்றும் இங்கே ஆய்வுக்கு வந்த மாணவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். மரத்தைவிட அந்தச் சேற்றில்தான் கார்பன் அதிகம். அதைத் தோண்டிக் கரையில் கொட்டிக் காயவிட்டால் காற்றுப் பட்டு, தேங்கியிருந்தது புகையில்லாமலே காற்றில் ஏறிவிடும். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடங்களில் ஏற்றநீர் முன்பு போல் உள்ளே ஏறுவதில்லை. அங்கே அலையாத்தியும் மெலிந்துவிட்டது. நீரின் ஓட்டம் நின்றால் கார்பன் சேர்வதும் நின்றுவிடும் என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். பிள்ளைகளை ஒரு நாள் அழைத்து வாருங்கள் டீச்சர், படகில் ஏற்றிக் காட்டுகிறோம்.

கேள்வியாளர்: வியாசர்பாடி மாலை வகுப்பு

அனைவருக்கும் மிக்க நன்றி. எண்ணூர்த் தம்பியின் அழைப்பைப் பெற்றோர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதியதைப் படித்த பிறகு இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது: இவ்விரண்டு சுழற்சிகளும் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன, ஆனால் உண்மையில் அவை எந்தெந்த இடங்களில் பின்னிக்கொள்கின்றன? வகுப்பில் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கக்கூடிய ஒரு பயிற்சியும் கிடைத்தால் நல்லது.

பதில்: ஆற்றுப்படுகை (ஓய்வுபெற்ற நீர்வளப் பொறியாளர்)

எண்ணூர்த் தம்பி சொன்னது போல், கழிமுகத்துக்குத் தேவையான அளவை ஆற்றின் செலவுக் கணக்கில் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதைத்தான் தடுப்பணைக்குக் கணக்கிட வேண்டும். அந்த ஒதுக்கீடு எவ்வளவு என்பதில் பொறியாளர்களுக்கும் மீனவர்களுக்கும் இடையே நீண்ட பேச்சு வேண்டியிருக்கும். அதை வேறோர் இழையில் பேசலாம்.

பின்னிக்கொள்ளும் இடங்களில் முதன்மையானது இலை. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும், திறந்தால் நீராவி வெளியேறும். ஒரு கிலோ உலர் பொருளை உண்டாக்கப் பயிர் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரைச் செலவிடுவது இதனால்தான். நீரில்லாத ஆண்டில் செடி துளையை மூடிக்கொள்கிறது, கார்பன் வரவும் குறைகிறது. அடுத்தது காற்று. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு என்பதால், கார்பன் தொடங்கிவைத்த வெப்பத்தை நீர் பெருக்குகிறது. இதை நேர்மறைப் பின்னூட்டம் என்பார்கள். நேர்மறை என்பதால் நல்லது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில், மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பாறையைக் கரைத்து, அந்தக் கார்பனைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பாகப் படியவைக்கிறது. வெப்பமும் மழையும் கூடினால் இதுவும் கூடும், ஆனால் இதன் வேகம் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு.

நம் வீட்டுக் குழாயிலும் இவ்விரண்டும் சந்திக்கின்றன. காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரை எதிர் சவ்வூடு பரவல் முறையில் நன்னீராக்க, ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். முழுத் திறனில் ஓடும் நாளில் 3 முதல் 4 லட்சம் யூனிட். ஆசிரியை அம்மா சொன்ன கணக்குப்படி அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் 300 முதல் 400 டன் கார்பன் டை ஆக்சைடு. கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் அதே வேலையைச் சூரியன் நீரை ஆவியாக்கி மழையாகத் தந்து செய்தால் கார்பன் கணக்கில் எதுவும் ஏறுவதில்லை. கிருஷ்ணா நீர் வரும் கால்வாயும் அப்படித்தான், ஆந்திரத்துக் கண்டலேறுவிலிருந்து கால்வாய் தமிழக எல்லைக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் வழியாகப் பூண்டிக்குப் பெரும்பாலும் சரிவிலேயே இறங்கி வருகிறது. நன்னீர் ஒன்றே ஆனாலும் அது வந்த வழியைப் பொறுத்து அதனுடன் சேர்ந்து வரும் கார்பன் மாறுகிறது.

பயிற்சிக்குப் புழல் ஏரியே போதும். அக்டோபரில் தொடங்கி, நாளிதழில் வரும் இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் வாரத்துக்கு ஒரே கிழமையில் பிள்ளைகள் நோட்டில் பதியட்டும். வினாடிக்கு இத்தனை கன அடி என்று வரும் எண்ணை 86,400ஆல் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் ஒரு நாளைக்கான மில்லியன் கன அடி கிடைக்கும்; 100 கன அடி என்பது நாளுக்கு 8.64. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து, வந்த நாள் அளவை ஏழால் பெருக்கி, ஒரு வாரத்தில் இருப்பு எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள், பிறகு அடுத்த வாரத்து நாளிதழோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மழைக்கால வாரங்களில் ஏரியின் மேல் நேரடியாகப் பெய்த மழையால் இருப்பு ஊகத்தைவிடக் கூடுதலாக நிற்கலாம். பங்குனி, சித்திரையில் வரத்தே இல்லாத வாரங்களில் அது ஊகத்தைவிடக் கீழே போகும். அந்த வேறுபாட்டை ஏரியின் பரப்பால் வகுக்கும் பிள்ளைகள், அந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் ஆவியாகியிருக்கும் என்பதைத் தோராயமாகத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.